அறுபத்து மூன்று மஞ்சள் குண்டூசிகள்

முப்பத்தொரு வருடங்கள் மற்றவர்களைச் சாலையைப் பார்க்கச் சொல்லியே பிழைத்தேன். லிங்கன்ஷயரில் ஹேவர்பி என்ற சந்தை ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பெயர் கிளைவ் டானட். அந்தப் பெயரைக் கூரையில் சுமந்த சிவப்புக் கார் ஒன்று வைத்திருந்தேன். பயிற்சிக் கார் என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஊரில் பாதிப் பேர் அந்தப் பெயருக்கு அடியில் உட்கார்ந்து வியர்த்திருக்கிறார்கள்.

அவர்கள் சாலையைப் பார்த்தார்கள். நான் சாலையோரத்தைப் பார்த்தேன்.

எனக்குச் செடிப் பைத்தியம். எங்கள் நாட்டில் இது அபூர்வமான நோய் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மழையில் ஒரு பள்ளத்துக்குள் நான்கு பேர் முட்டிபோட்டுக் குனிந்திருந்தால், யாரும் போலீசுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் நடந்து போய்ப் பார்த்தார்கள். நான் வேலை நேரத்திலேயே பார்த்தேன். மடியில் நோட்டு, கையில் பென்சில். என் மாணவர் ரவுண்டானாவில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தவிக்கும்போது, நான் புல்லில் என்ன பூத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டிருப்பேன். தாங்கள் செய்த தவறைத்தான் எழுதுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். உடனே முதுகை நிமிர்த்தி, கண்ணாடியை இரண்டு தடவை பார்த்து, மெதுவாக ஓட்டினார்கள். நல்ல ஆசிரியர் என்று எனக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

எழுதியதையெல்லாம் மாதம் ஒரு முறை மிஸ் ஓட்லிங்கிடம் கொடுப்பேன்.

எனிட் ஓட்லிங் எங்கள் மாவட்டத்தின் தாவரப் பதிவாளர். சம்பளம் கிடையாது. எந்தச் செடி எந்த இடத்தில் முளைக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் ஒப்புக்கொண்டால்தான் அது பதிவு. அதற்கு முன்னால் இருபத்தொன்பது வருடம் பட்டாணி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருந்தார். ஜூலையில் வயலிலிருந்து லாரி லாரியாகப் பட்டாணி வரும். ஒரு கைப்பிடி எடுத்து இயந்திரத்தில் நசுக்குவார். முற்றியிருந்தால் முழு லாரியும் திரும்பிப் போகும். ஆறடி விவசாயிகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி, அந்த ஐந்தடிப் பெண்மணி முன்னால் நிற்பார்கள். "காயப் பாக்காம எதையும் சொல்லாதே" என்பது அங்கே அவர் கற்றது. செடிகளுக்கும் அதையே கொண்டுவந்தார். எங்கள் பாதிரியார் ஒருமுறை ஒரு காட்டு அவரையின் பூவைக் கொண்டுபோனார். நெற்று வந்ததும் வாங்க என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து நெற்றோடு போனார் பாதிரியார். தான் சொன்ன பெயர் தவறு என்று தெரிந்துகொண்டு திரும்பினார்.

அப்படிப்பட்டவர் என்னை மட்டும் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அது 1971இல்.

"வண்டிய நிறுத்தி எறங்கிப் பாப்பல்ல, கிளைவ்?"

"பின்னே" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய பொய் அது. ஒரே வார்த்தை. இருபத்து மூன்று வருடம் உழைத்தது.

இங்கே மெலிலாட் என்ற செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைக் குடும்பம். மூன்று மூன்று இலையாக இருக்கும். நெஞ்சு உயரம் வளரும். ஆடி, ஆவணியில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் கதிர் கதிராகத் தொங்கும். காய்ந்தால் புது வைக்கோல் வாசனை. இந்த மண்ணுக்குரியது அல்ல, கடலுக்கு அப்பாலிருந்து மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்தது. வைக்கோல் பூசணம் பிடித்தால் அதைத் தின்ற மாட்டுக்கு ரத்தம் நிற்காமல் வடியும். இன்னும் நல்ல தீவனங்களும் வந்தன. விவசாயிகள் கைவிட்டார்கள். கைவிடப்பட்ட செடி வேலியைத் தாண்டிச் சாலையோரத்துக்கு வந்து குடியேறிவிட்டது.

மஞ்சள் மெலிலாட்டில் இரண்டு இருக்கின்றன. வரி மெலிலாட், நெட்டை மெலிலாட். பெயரை நம்பக் கூடாது, இரண்டும் நெட்டைதான். நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் நெற்றைப் பார்க்க வேண்டும். வரி மெலிலாட்டின் நெற்று பழுப்பாக, குறுக்கே வரி வரியாக, வழுவழுவென்று இருக்கும். நெட்டையின் நெற்று கறுப்பு, மேலே பொடி முடி. நெற்றின் நீளம் ஓர் அரிசி அளவு. காரிலிருந்து தெரியாது.

நான் இதை 1968இல் ஒரு புத்தகத்திலிருந்து கற்றேன். காலை உணவோடு படிப்பது வழக்கம். வரி மெலிலாட் ஒரு பக்கத்தில், நெட்டை அடுத்த பக்கத்தில். இரண்டு பக்கங்களையும் ஆரஞ்சு ஜாம் ஒட்டிவிட்டது. ஆகவே இருபத்தாறு வருடம் நெட்டை மெலிலாட் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மாவட்டத்துக்குச் சேவை செய்தேன். மஞ்சளாக உயரமாக எது தெரிந்தாலும் 'வரி' என்று எழுதினேன். அறுபத்து மூன்று இடங்கள்.

1994 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் வெளியே வந்தது.

அன்று மோரீன் எப்டனுக்குப் பாடம். மோரீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டைக்கோஸ் கட்டி அனுப்பும் கொட்டகையில் மேற்பார்வை. முப்பது பெண்களை ஒரு பார்வையில் அடக்குவார். கார் தேர்வில் ஐந்து முறை தோற்றிருந்தார். எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களை 'வாத்தே' என்று அழைப்போம். மோரீனுக்குப் பிடிக்காதவர்களும் வாத்துதான்.

எனக்கு மிஸ் ஓட்லிங் வீட்டில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவருடைய மாவட்டத் தாவர நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இருபது வருட உழைப்பு. அதனால் மோரீனை அங்கே ஓட்டச் சொன்னேன். பாடத்தின் பகுதி என்றேன். வாசலில் நிறுத்தும்போது குப்பைத்தொட்டியை இடித்தார். அதுவும் பாடத்தின் பகுதிதான்.

சமையலறை மேசையில் ஊரின் பெரிய வரைபடம் விரிந்திருந்தது. அதில் மஞ்சள் தலை வைத்த குண்டூசிகள். பக்கத்தில் உலர்திராட்சை ரொட்டியும் பாலாடைக்கட்டியும். மிஸ் ஓட்லிங்குக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கன்னம் சிவந்திருந்தது.

"பாரு கிளைவ். ஒன்னோட வரி மெலிலாட். அறுபத்து மூணும் குத்திட்டேன். என்ன தெரியுது?"

ஊரைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது.

"வட்டமா இருக்கு" என்றேன்.

"வட்டமாத்தானே இருக்கு. வேற எந்தச் செடியும் இந்த மாவட்டத்துல இப்படி நிக்கல. மூணு வருஷம் யோசிச்சேன். ரயிலு வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல நூத்தி நாப்பது குதிரை. அதுங்களுக்குத் தீவனம் எங்க வெளைஞ்சுது? ஊரைச் சுத்தி. அந்த வயலோட எல்லை இது. இங்க பாரு, வளையத்துல இருந்து உள்ள ஒரு வால் போகுதா? லாயத்துக்குப் போன பாதை. இந்த மூலையில ஏழு ஊசி கும்பலா இருக்கா? வெதைக் கிடங்கு இருந்திருக்கணும்."

அரைப் பக்கம் எழுதியிருந்தார். படித்துக் காட்டினார். நூல் முழுவதிலும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல அது ஒன்றுதான். வசந்த காலத்தில் மாவட்டத் தாவரச் சங்கத்தில் பேசியபோது முப்பத்தொரு பேர் கைதட்டினார்களாம்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். குழப்பமான செடிகளுக்கெல்லாம் இப்படி ஒரு தாள். 'நெற்று பார்த்தேன்' என்று அச்சடித்து, கீழே கோடு.

"சும்மா ஒரு சம்பிரதாயம். ஒன்னை நான் கேக்கணுமா?"

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

மோரீன் ரொட்டியைத் தின்றபடி வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறி, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"வாத்தே, அது டெஸ்ட் ரூட்டு."

"எது?"

"அந்த அம்மாவோட வட்டம். அஞ்சு தடவை அதுல சுத்தித் தோத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? சந்தைல இருந்து லெஃப்ட்டு, ரவுண்டானா, கல்லறைத் தோட்டம், சுண்ணாம்புக் குழி ஏத்தம். உள்ள போற வாலு இருக்கே, அது நாம வண்டியத் திருப்பிப் பழகுற முட்டுச் சந்து. அந்த வெதைக் கிடங்கு, ரிவர்ஸ் எடுக்கிற மூலை. அங்கதான் பத்து நிமிஷம் நிப்போம்."

நான் வெளியே பார்த்தேன். குப்பைத்தொட்டி சாய்ந்து கிடந்தது.

"அப்ப நீங்க அந்த நோட்டுல எழுதினது செடியா?"

"செடிதான்."

"நான் பண்ற தப்புன்னு நெனச்சேன். நீங்க பென்சிலத் தொட்டாலே எனக்குக் காலு நடுங்கும். ரவுண்டானாவுல போன தடவை அரைப்பக்கம் எழுதினீங்க."

"ஆர்க்கிட் பூத்திருந்துச்சு."

மோரீன் சாவியைத் திருகினார். "அந்த அம்மா முகத்தைப் பாத்தீங்கல்ல. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. நான் ஓட்டுறேன், நீங்க எறங்கிப் பாருங்க. பாடத்தோட பகுதின்னு வெச்சுக்கலாம்."

உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. ஆனால் அறுபத்து மூன்றில் குறைந்தது ஐம்பது சரியாக இருக்கும் என்று நம்பினேன். ஐம்பது இருந்தால் வளையம் நிற்கும். அப்புறம் கையெழுத்து வெறும் அவசரம், பொய் அல்ல. தேர்வில் தோற்றவர்கள் காரை விட்டு இறங்கும்போது இப்படித்தான் பேசுவார்கள். முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன்.

அன்று இரவு ஜாம் ஒட்டிய பக்கங்களைக் கத்தியால் பிரித்து, நெட்டையைப் பற்றி முதல் முறையாகப் படித்தேன். புதன் காலை கிளம்பினோம். பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, உறைகள், பழைய நோட்டுகள். முதல் இடம் சந்தைக்கு அடுத்த வளைவு. செடி இருந்தது, ஆள் உயரத்துக்கு. நெற்று கறுப்பு. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பொடி முடி. நெட்டை.

இரண்டாவது நெட்டை. மூன்றாவதும். நான்காவது இடத்தில் மெலிலாட்டே இல்லை, வயலிலிருந்து தப்பி வந்த எண்ணெய்க் கடுகு நின்றது. ஐந்தாவது இடத்தில் பெட்ரோல் பங்க்.

"அது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"எம்பத்தி ரெண்டுல" என்றார் மோரீன். "நீங்க எழுதினது?"

நோட்டைப் பார்த்தேன். எண்பத்தாறு.

பதினேழாவது இடத்தில் மஞ்சளாக ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் சாலையில் தூவ உப்பு வைத்திருக்கும் பெட்டி. அதன் பின்னால் ஒரு செடி இருந்திருக்கலாம் என்று இன்றும் சொல்வேன். மோரீன் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துச் சிரித்தார். ஹார்ன் அடித்தது.

விதைக் கிடங்கு மூலையில் ஏழும் நெட்டை. முட்டுச் சந்தில் வீடுகள் வந்துவிட்டன. வியாழன் காலை இன்னொரு சங்கடம். நகராட்சியின் புல் வெட்டும் டிராக்டர் எங்களுக்கு முன்னால் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது இடங்களை அது எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. வெட்டிக் கூழாக்கியதில் நெற்று தேட முடியாது. அதை முந்திக்கொண்டு போனபோது பாக்கி இருந்தது ஒரே இடம், சுண்ணாம்புக் குழி ஏற்றம். குறுகலான பாதை. இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை.

ஏற்றத்தில் பாதி தூரத்தில் மோரீன் கையில் கார் அணைந்து நின்றுவிட்டது. எப்போதும் அங்கேதான் நிற்கும். தேர்வில் மூன்று முறை அங்கேதான் தோற்றார். பின்னாலேயே டிராக்டர் வந்து நின்று ஹார்ன் அடித்தது. ஓட்டியவன் டெரிக் லெகட். பதினெட்டு வருடம் முன்பு என்னிடம் கற்றவன்.

"என்ன மிஸ்டர் டானட், இன்னும் இவங்களுக்கு ஏத்தம் வரலையா?"

"வந்துக்கிட்டே இருக்கு வாத்தே" என்றார் மோரீன். சாவியைத் திருகினார். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். கார் குதித்து நின்றது. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "எறங்குங்க. நான் இன்னும் நாலு தடவை ஆஃப் பண்ணுவேன்."

இறங்கினேன். கரையில் மெலிலாட் ஆறு செடி நின்றன, இடுப்பளவு. நெற்று பழுப்பு. கண்ணாடியைக் கண்ணில் ஒட்டினேன். முதலில் என் விரல் ரேகைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. குறுக்கே வரி. முடி இல்லை. இன்னொன்றைப் பறித்தேன். முடி இல்லை. ஆறு செடியிலும் பார்த்தேன். பின்னால் கார் குதித்துக் குதித்து நின்றுகொண்டிருந்தது. டெரிக் இன்ஜினை அணைத்துவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்தான்.

"இந்தக் கரைய மட்டும் வெட்டாம விடுவியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"அபூர்வச் செடி."

"உங்ககிட்ட படிச்சப்போ இங்க நான் ஆஃப் பண்ணேன். நீங்க ஏதோ எழுதினீங்க. நான் ஃபெயிலுன்னு வீட்டுல போய் அழுதேன்." டீயைக் குடித்தான். "விடுறேன். வெதை விழட்டும்."

அன்று மாலை நான்கு மணிக்கு மிஸ் ஓட்லிங்கின் சமையலறை. மோரீனும் வந்தார். நான் கூப்பிடவில்லை, காரை அவர்தான் ஓட்டினார். உறைகளை மேசையில் வரிசையாக வைத்தேன். சொன்னேன். நெட்டை இருபத்தொன்பது. வெட்டப்பட்டது ஒன்பது. எண்ணெய்க் கடுகும் மற்றதும் பதினொன்று. ஒன்றுமில்லாதது பன்னிரண்டு. உப்புப் பெட்டி ஒன்று. வரி ஒன்று.

நான் முடித்ததும் கேட்டார்.

"எறங்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"மெலிலாட்டுக்கு இல்ல."

"அப்ப இந்த வட்டம்?"

மோரீன்தான் சொன்னார். "டெஸ்ட் ரூட்டும்மா."

மிஸ் ஓட்லிங் வரைபடத்தைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை, சைக்கிள்தான். காரிலிருந்து என்ன தெரியும் என்று கேட்பவர். விரலால் வளையத்தைச் சுற்றி வந்தார். வாலுக்குள் போய்த் திரும்பினார். மூலையில் நின்றார்.

"இங்க என்ன பண்ணுவீங்க?"

"ரிவர்ஸ்" என்றார் மோரீன்.

"நூத்தி நாப்பது குதிரை" என்றார் மிஸ் ஓட்லிங்.

பிறகு கடைசி உறையைத் திறந்து, நெற்றுகளை வெள்ளைத் தட்டில் கொட்டி, தன் கண்ணாடியால் பார்த்தார். நான் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். ஒரு நெற்றை நகத்தால் நசுக்கினார், பழைய வழக்கம்.

"வரிதான். ஒண்ணு."

குண்டூசிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் உதவக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார். அறுபத்திரண்டையும் அவரே பிடுங்கி டப்பாவில் போட்டார். அந்த அரைப் பக்கத்தை எடுத்து நான்காக மடித்தார். நான் கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"இதை நீயே வெச்சுக்கோ."

"மன்னிக்கணும் மிஸ் ஓட்லிங்."

"வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கிற ஆளு. கண்ணு நம்பலாம்னு நெனச்சேன். எத்தனை லாரியத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? ஒன்னோட லாரிய மட்டும் தெறக்காமலே உள்ள விட்டேன்." டப்பாவை மூடினார். "தப்பு ஒனக்குப் பாதி. எனக்கு வட்டம் புடிச்சிருந்துது."

ரொட்டியை எடுத்து இரண்டு துண்டு அறுத்தார். ஒன்று தனக்கு. ஒன்று மோரீனுக்கு.

நூல் அடுத்த கோடையில் வந்தது. சங்கத்தில் அவர் எழுந்து, குதிரைகளைத் திரும்பப் பெறுவதாக ஒரே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தார். அன்று யாரும் கைதட்டவில்லை. நான் கடைசி வரிசையில் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மற்ற பதிவுகளில் நானூறுக்கு மேல் நீக்கிவிட்டார். பாக்கியைச் சரிபார்க்க எனக்கு இரண்டு கோடைகள் ஆயின, நடந்து. மாதம் ஒரு முறை உறைகளோடு போவேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார். பாதிரியாருக்குக் கொடுத்த அதே நாற்காலியைத்தான் எனக்கும் கொடுத்தார்.

வரி மெலிலாட் பக்கத்தில் இப்போது ஒரே புள்ளி. கீழே ஒரு வரி: சுண்ணாம்புக் குழி ஏற்றம், ஆறு செடிகள், நெற்று பார்க்கப்பட்டது, மோ. எப்டன், கி. டானட். வண்டியை நிறுத்தியவர் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று மிஸ் ஓட்லிங் சொல்லிவிட்டார்.

மோரீன் அந்தப் புத்தகத்தையே விலைக்கு வாங்கி, கொட்டகையில் முப்பது பெண்களுக்கும் காட்டினார். அதே மாதம் ஏழாவது முறையில் தேர்ச்சியும் பெற்றார். என்னிடம் கற்று அல்ல. ஆறாவது தோல்விக்குப் பிறகு பக்கத்து ஊர் ஆசிரியரிடம் மாறியிருந்தார். அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று சந்தையில் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல வாத்தே" என்றார். "ரோட்டப் பாக்கிறாரு."